மூணு அடுக்கு, ஒரு கவர், ஒரு புத்திசாலி

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கடைக்குப் போய் ஒரு மெத்தை வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான் மக்களே. கடைக்குள்ள போகணும், மெத்தையைக் காட்டணும், லொறில ஏத்தணும். சின்னப் புள்ளைகூட செஞ்சிடும்.

நான் சின்னப் புள்ள இல்லையே. அங்கதான் பிரச்சினை.

முதல்ல எங்க வீட்டுப் பழைய மெத்தையைப் பத்தி சொல்லிடுறேன். கல்யாணத்துக்கு வாங்குன பஞ்சு மெத்தை. பன்னெண்டு வருஷமாச்சு. நடுவுல ஒரு பள்ளம். நானும் என் வீட்டுக்காரி கலாவும் ஆளுக்கொரு ஓரமாத்தான் படுப்போம். விடியும்போது ரெண்டு பேரும் பள்ளத்துக்குள்ள ஒண்ணா கிடப்போம். பாக்குறவங்களுக்கு இது அன்பு. எங்களுக்கு அது முதுகுவலி.

எனக்குப் பரவாயில்ல. நான் கொட்டகலை பஜார்ல போட்டோகொப்பி கடை வச்சிருக்கிறவன். நாள் பூரா நாற்காலில உக்காந்திருக்கிற முதுகுக்கு வலிக்க என்ன உரிமை இருக்கு?

கலா அப்படியில்ல. தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ. காலைல ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய் பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறுனா, சாயங்காலம் வரைக்கும் முதுகுல சுமை. வீட்டுக்கு வந்தா அந்தப் பள்ளம். மூணு மாசமா அவ ஒரு ராத்திரியும் ஒழுங்கா தூங்கல. நேரா நிமிர முடியாம செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிப்பா.

டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஒரு வாரம் ஓய்வுன்னாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"முதல்ல அந்த மெத்தையைத் தூக்கிப் போடுங்க. அமுங்காத மெத்தையா ஒண்ணு வாங்குங்க. மாத்திரையை விட அதுதான் முக்கியம்."

சனிக்கிழமை காலைல கலா தலவாக்கலைல இருக்கிற அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. பஸ்ல ஏறும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா.

"ஏங்க, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வருவேன். மெத்தை இருந்தா இருப்பேன். அந்தப் பள்ளந்தான் இருக்கும்னா, அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். ஹட்டன்ல போய் ஒரு நல்ல மெத்தையா எடுத்துட்டு வாங்க. வேற எதுவும் யோசிக்காதீங்க."

வேற எதுவும் யோசிக்காதீங்க! பன்னெண்டு வருஷத்துல என்னை எவ்வளவு நல்லா புரிஞ்சு வச்சிருக்கா பாருங்க.

நான் யோசிச்சேன்.

மழை நாள்ல போட்டோகொப்பி எடுக்க யாரும் வரமாட்டாங்க. கொட்டகலைல எல்லா நாளும் மழை நாள்தான். அதனால போன்ல வீடியோ பாக்க எனக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்ல. மெத்தைன்னு தேடுனேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரரு வந்தாரு. அவரு வீட்டு ரூம் எங்க லயத்துல வரிசையா ஒட்டியிருக்கிற நாலு வீட்டுக்குச் சமம்.

அவரு சொன்ன விஷயம் இதுதான். கடைல மெத்தை வாங்குறவன் ஏமாளி. ரப்பர் பால்ல செஞ்ச லேடெக்ஸ் அடுக்கைத் தனித்தனியா வாங்கணும். அடில கெட்டியா ஒண்ணு, நடுவுல நடுத்தரமா ஒண்ணு, மேல மெத்துன்னு ஒண்ணு. ஒரு கவர் தைக்கணும். உள்ள போட்டு ஜிப்பை இழுக்கணும். மெத்தை ரெடி. முதுகுக்குப் புடிக்கலயா? அடுக்கை மாத்திப் போட்டுக்கலாம்.

பத்தே நிமிஷத்துல செஞ்சு முடிச்சிட்டு, அது மேல குதிச்சுக் காட்டுனாரு.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கலாவோட முதுகுக்குன்னே, அளவெடுத்து, என் கையால செஞ்ச மெத்தை! அதுல அவ படுக்கணும், காலைல செவுத்தைப் புடிக்காம எந்திரிக்கணும், என்னைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். இந்த மூணாவது ஆசையாலதான் எல்லாம் நாசமாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை கட்டிலை அளக்கலாம்னு பாத்தா அளவு டேப்பைக் காணோம். எங்க கட்டில் தோட்டத்து ஆசாரி செஞ்சது. கடை அளவு எதுக்கும் பொருந்தாது. மூலைல கலாவோட மட்டக்கம்பு சாஞ்சிருந்துச்சு. கொழுந்து எடுக்கும்போது செடி மேல குறுக்க வச்சு, மேடு பள்ளம் இல்லாம மட்டம் பாக்குற கம்பு. அதை வச்சே அளந்தேன். நீளத்துக்கு இத்தனை கம்பு, இத்தனை விரல்கடை. அகலத்துக்கு இத்தனை.

கம்பையும் கையோட எடுத்துக்கிட்டு கினிகத்தேனைக்கு பஸ் ஏறுனேன். ரப்பர் காட்டுப் பக்கம் போறோம், அங்கதான் லேடெக்ஸ் ஒரிஜினலா கிடைக்கும்னு ஒரு கணக்கு.

ரோட்டோரத்துல ஒரு கடை. சிங்கள முதலாளி. நல்ல மனுஷன். நல்லாவே தமிழ் பேசுனாரு. என் கையில இருந்த கம்பைப் பாத்தாரு.

"என்ன தம்பி, மாடு மேய்க்க வந்ததா?"

"இல்ல முதலாளி. லேடெக்ஸ் வேணும். தனித்தனி அடுக்கா. மூணு. இந்தக் கம்பு அளவுக்கு வெட்டணும்."

அவரு கம்பை வாங்கி ஓரமா வச்சாரு. அப்புறம் கடைக்கு நடுவுல இருந்த மெத்தையைத் தட்டிக் காட்டுனாரு.

"இது பாரு. உள்ள மூணு அடுக்கு. ஹார்ட், மீடியம், சொப்ட். கவர் இருக்கு. ஜிப் இருக்கு. உன் அளவுக்கே செஞ்சு தரலாம். புதன்கிழமை எங்க லொறி கொட்டகலை வருது. வீட்டுல போட்டுட்டுப் போவாங்க."

இதுக்கு மேல ஒரு மனுஷனுக்குக் கடவுள் எப்படித்தான் வழி காட்டுவாரு? சொல்லுங்க!

நான் சிரிச்சேன். எல்லாம் தெரிஞ்சவன் சிரிப்பு.

"அது எல்லாருக்கும் செய்யறது முதலாளி. நாங்க தனியாத்தான் செய்வோம்."

"நாங்கன்னா? எத்தனை பேர்?"

"நான் மட்டுந்தான்."

"ஹா, சரி," அப்படின்னு கத்தியை எடுத்தாரு. வெட்டி, சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி மூணு உருளையாக் குடுத்தாரு. கடைசியா ஒரு புத்தி சொன்னாரு. "வெயில்ல போடாத தம்பி. வெயில் பட்டா பொடிப்பொடியாப் போகும்."

"முதலாளி, நான் கொட்டகலை."

"ஆ, அப்ப பிரச்சினை இல்ல."

லேடெக்ஸைப் பத்தி அந்த வீடியோக்காரரு சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. கனம்! ஸ்பொஞ்சு மாதிரி இருக்கும்னு நெனச்சுத் தூக்குனேன். குடிச்சிட்டு விழுந்த ஆளைத் தூக்குற மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் புடிச்சா அந்தப் பக்கம் சரியுது. அந்தப் பக்கம் புடிச்சா என் மேலயே சாயுது.

பஸ்ல ரெண்டு உருளையை டிரைவருக்குப் பக்கத்துல தள்ளுனேன். மெத்துன்னு இருந்த உருளையை மட்டும் பின் சீட்ல எனக்குப் பக்கத்துல உக்கார வச்சேன். கொண்டக்டர் வந்தாரு.

"அண்ணே, இதுக்கு டிக்கெட்?"

"இது சாமான்."

"சீட்ல உக்காந்திருக்குல்ல? சீட்ல உக்காந்தா ஆளுதான்."

அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் வேற அதுக்குத்தான்.

வட்டவளைப் பக்கம் ஒரு வளைவு. பஸ் சாஞ்சுச்சு. கயிறு படார்னு அறுந்துச்சு. உருளை விரிஞ்சு, எங்களுக்கு முன் சீட்ல தூங்கிக்கிட்டு இருந்த பெரியவர் தலை மேல முழுசா விழுந்து மூடிருச்சு.

நான் பதறிப்போய் எந்திரிச்சேன். "ஐயா! ஐயா!"

சத்தமே இல்ல. மெதுவா ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாத்தேன். மனுஷன் கன்னத்தை அதுல வச்சு இன்னும் நல்லாத் தூங்குறாரு!

ஹட்டன் வரைக்கும் அவரை யாரும் எழுப்பல. இறங்கும்போது கண்ணைக் கசக்கிக்கிட்டே கேட்டாரு. "தம்பி, இது எங்க வாங்குனீங்க?"

எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. கலாவுக்கும் இதேதான் நடக்கப் போகுதுன்னு நெனச்சேன். என் திட்டத்துல ஒழுங்கா நடந்த கடைசி விஷயம் அதுதான். அனுபவிச்சுக்கிறேன், விடுங்க.

திங்கக்கிழமை, கவர். பஜார்ல என் கடைக்கு எதிர்ல பீட்டர் அண்ணன் தையல் கடை. ஸ்கூல் உடுப்பு, கொழுந்து எடுக்கிறவங்க இடுப்புல கட்டுற படங்கு, கல்யாணக் கோட்டு, எல்லாம் அவருதான். மட்டக்கம்பை அவர் மேசை மேல வச்சேன்.

"இத்தனை கம்பு நீளம், இத்தனை அகலம், ஒரு சாண் உயரம். மூணு பக்கம் ஜிப். நல்ல தடிச்ச பருத்தித் துணி."

பீட்டர் அண்ணன் துணியைத் தடவிப் பாத்தாரு. "இது துவைக்காத துணிப்பா. தண்ணி பட்டா சுருங்கும். ஒரு தடவை ஊறப்போட்டுக் காயவச்சிட்டுத் தைப்போமா?"

"காயுறதுக்கு எத்தனை நாளாகும்?"

ரெண்டு பேரும் ஒண்ணா வெளிய பாத்தோம். எதிர்ல இருக்கிற என் கடை மழைலயும் மூடுபனிலயும் தெரியவே இல்ல.

"சரி, அப்படியே தைக்கிறேன்," அப்படின்னாரு. "ஆனா தண்ணி படாமப் பாத்துக்க."

"மெத்தைக் கவர்ல எப்படிண்ணே தண்ணி படும்?"

எப்படிப் படும்னு சொல்றேன் கேளுங்க.

புதன்கிழமை சாயங்காலம் கவர் ரெடி. அழகா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. மடிச்சு அக்குள்ல வச்சுக்கிட்டு, ரோட்டுல போனா சுத்துன்னு தேயிலைக்குள்ள போற குறுக்குப் பாதைல இறங்குனேன். பாதி மலைல வானம் கிழிஞ்சு ஊத்துச்சு.

குடை? கடைல இருக்கு. மலையகத்துல பொறந்து, வளந்து, நாப்பது வயசு ஆகப்போற ஆளு, குடையைக் கடைல வச்சிட்டு வந்திருக்கேன்.

அக்கம் பக்கம் ஒதுங்க இடம் இல்ல. என் மூளை உடனே வேலை செஞ்சுச்சு. கையில தடிச்ச துணி இருக்கே! எடுத்துத் தலைல போத்திக்கிட்டு ஓடுனேன்.

எந்தத் துணில தண்ணி படக்கூடாதோ, அந்தத் துணியையே மழைக்குப் போத்திக்கிட்டு ஓடுன ஒரே மனுஷன் நான்தான். லயத்துக்கு வந்து சேர்ந்தப்ப நான் காஞ்சுதான் இருந்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அடுப்புக்கு மேல கொடி கட்டித் தொங்கவிட்டேன். வியாழக்கிழமை காலைல தொட்டுப் பாத்தேன். நேத்தைவிட ஈரமா இருந்துச்சு. அது எப்படின்னு என்னைக் கேக்காதீங்க.

அந்த நேரத்துலதான் என் மச்சான் செல்வம் வந்தான். கலாவோட தம்பி. எங்க லயத்துக்கு மேல் லயம். தோட்டத்துத் தேயிலை பெக்டரில வேலை. அவன்கிட்ட ஒரு பிரச்சினையைச் சொன்னா கண்டிப்பா ரெண்டாக்கித் திருப்பித் தருவான்.

"மச்சான், இதுக்கா யோசிக்கிறீங்க? பெக்டரில கொழுந்து வாட்டுற மாடி இருக்குல்ல. கீழ இருந்து சூடா காத்து அடிக்கும். மலை மாதிரி குவிஞ்ச பச்சைக் கொழுந்தே விடியறதுக்குள்ள வாடிப்போகுது. ஒரு துணி காயாதா?"

கேட்டதும் கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. இந்த ஊர்ல எப்பவும் காய்ஞ்சு கிடக்கிற ஒரே இடம் பெக்டரிதான். இத்தனை வருஷமா இது யாருக்குமே தோணலையே!

"டீமேக்கர் ஐயா பாத்தா?" பெக்டரி பூரா அவரு கையிலதான்.

"அவரு பாக்க மாட்டாரு மச்சான். நான் பாத்துக்கிறேன்." கவரை வாங்கிக்கிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ராத்திரி வேலை முடிஞ்சு, செல்வம் கவரோட வந்தான். மூஞ்சி சரியில்ல.

"என்னடா?"

"ஒரு சின்ன மாத்தம் மச்சான். வாட்டுற மாடில எடம் இல்ல. கொழுந்து ஃபுல்லு. அதனால தேத்தூள் காயவைக்கிற மெஷின் பக்கத்துல தொங்கவிட்டேன். அது கொஞ்சம் சூடு ஜாஸ்தி."

"கொஞ்சம்னா?"

அவன் கவரை மேசைல வச்சான். வைக்கும்போது டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. துணில அப்படிச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்ல.

வெள்ளைக் கவர் இப்ப லேசான தேத்தண்ணிக் கலர். மணம் மட்டும், சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம்! ஏற்றுமதித் தரம்!

"டீமேக்கர் ஐயா பாத்துட்டாரு மச்சான்."

"என்ன சொன்னாரு?"

"மோந்து பாத்தாரு. 'இது எந்த கிரேட்டுடா?'ன்னு கேட்டாரு. அப்புறம் நாளைக்கு ஒபீசுக்கு வரச்சொன்னாரு."

பாவம், அவனுக்கும் ஒரு வில்லங்கத்தை இழுத்து விட்டுட்டேன். ஆனா அவனுக்காகக் கவலைப்பட எனக்கு நேரம் இல்ல. மட்டக்கம்பை எடுத்துக் கவரை அளந்தேன். நீளத்துல ஒரு சாண் காணோம். அகலத்துல அரைச் சாண் காணோம்.

கலா வர இன்னும் அஞ்சு மணி நேரம். பழைய மெத்தை? அதை நான் செவ்வாய்க்கிழமையே பிரிச்சு, பஞ்சை எரிச்சாச்சு. நம்பிக்கை அப்படி!

"இழுத்தா வரும் மச்சான். ரப்பர்தானே, அமுங்கும்," அப்படின்னான் செல்வம்.

கவரைக் கட்டில் மேல விரிச்சு, அடி அடுக்கை உள்ள தள்ளுனோம். லேடெக்ஸ் துணில வழுக்காது மக்களே. ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு அங்குலம் தள்ளுனா அரை அங்குலம் திரும்பி வரும். மூணு அடுக்கையும் உள்ள திணிக்கிறதுக்குள்ள மணி ரெண்டு. ரெண்டு பேருக்கும் வேர்வை. கொட்டகலைல வேர்த்தது என் வாழ்க்கைல அதுதான் முதல் தடவை.

அப்பவும் அந்தக் கடைசி ரெண்டு மூலை மட்டும் சுருண்டு நின்னுச்சு. நீளம் பத்தாம மெத்தை நடுவுல எழும்பி நிக்குது. ஜிப் மூட மாட்டேங்குது.

செல்வம் தாடையைச் சொறிஞ்சான். "உள்ள இருந்து யாராவது அந்த மூலையை இழுத்துப் புடிச்சா, வெளிய இருந்து நான் ஜிப்பைப் போட்டுருவேன்."

நல்ல யோசனைன்னு நான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

குப்புறப் படுத்து, மேல் அடுக்குக்கும் கவருக்கும் நடுவுல தவழ்ந்து உள்ள போனேன். ரெண்டு கையாலயும் ரெண்டு மூலையையும் புடிச்சு இழுத்தேன். "போடுடா!"ன்னு கத்துனேன். செல்வம் மேல ஏறி முட்டி போட்டு, பல்லைக் கடிச்சு இழுத்தான். சர்ர்ர்! மூணு பக்கமும்!

"மூடிருச்சு மச்சான்! மூடிருச்சு! ஜெயிச்சிட்டோம்!"

உள்ள இருந்து நானும் கத்துனேன். "ஜெயிச்சிட்டோம்டா!"

செல்வம் என் முதுகு மேல இருந்து இறங்குனான்.

"மச்சான்."

"என்னடா?"

"நீங்க எப்படி வெளிய வருவீங்க?"

இந்தக் கேள்வியை ஒரு நிமிஷம் முன்னாடி கேட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

"ஜிப்பைத் திறடா."

"ம்." டிக்குன்னு ஏதோ ஒடிஞ்சுச்சு. "மச்சான், ஜிப்போட அந்தப் புடி இருக்குல்ல?"

"ஆமா?"

"அது என் கையில இருக்கு."

குறடு தேடிட்டு வர்றேன்னு மேல் லயத்துக்கு ஓடிட்டான். நான் மட்டும் உள்ள. மூச்சு முட்டல. பருத்தித் துணி, காத்து வந்துச்சு. மணமும் வந்துச்சு. தேத்தூள் பொட்டலத்துக்குள்ள கிடக்கிற மாதிரி.

படி ஏறுற சத்தம் கேட்டுச்சு. செல்வம் வந்துட்டான்னு நெனச்சேன். கதவு திறந்துச்சு. பை வைக்கிற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு எனக்குப் பன்னெண்டு வருஷப் பழக்கம்.

கலா! முந்தின பஸ்லயே வந்துட்டா!

வாயைத் திறக்கப் போனேன். அதுக்குள்ள அவ பேசிட்டா. தனக்குத்தானே, மெதுவா.

"அட. மெத்தை வாங்கிட்டாரே."

நான் வாயை மூடிக்கிட்டேன்.

போன்ல யாருக்கோ அடிச்சா. "அம்மா, வந்து சேந்துட்டேன். ஆமா, மெத்தை இருக்கு. நல்ல தடிச்ச மெத்தை. கலர்தான் ஒரு மாதிரி. பரவாயில்லம்மா, அவருக்கு நம்ம மேல அக்கறை இருக்கு. சொன்னதை ஒழுங்கா செஞ்சிருக்காரு."

மக்களே, நானே ஒத்துக்கிறேன். அந்த நிமிஷம் நான் குரல் குடுத்திருக்கணும். ஆனா பன்னெண்டு வருஷத்துல முதல் பாராட்டு அது! அதையும் அவ அம்மாகிட்ட சொல்றா! கெடுக்க யாருக்கு மனசு வரும்? இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லிக்கலாம்னு அப்படியே கிடந்தேன்.

"என்னம்மா? மேடு பள்ளம் இருக்கான்னா? இருங்க, பாக்குறேன்."

கலா கொழுந்துக்காரி. மட்டம் பாக்காம எதையும் நம்ப மாட்டா. மட்டக்கம்பு கட்டில் பக்கத்துலயே கிடக்கு. அங்க வச்ச மடையனும் நான்தான்.

கம்பைக் குறுக்க வச்சா. என் முதுகுல பட்டுச்சு.

"நடுவுல மேடா இருக்கேம்மா."

கம்பால ஒரு தட்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"அமுங்கவும் மாட்டேங்குது."

இன்னொரு தட்டு. இடுப்பெலும்புல. கண்ணுல தண்ணி வந்துச்சு. பாராட்டுக்காகத் தாங்கிக்கிட்டேன்.

மூணாவது தட்டுக்குக் கம்பை ஓங்குற நேரம், என் சட்டைப் பைல இருந்த போன் அடிச்சுச்சு. பாட்டு சத்தமா, தெளிவா, மெத்தைக்குள்ள இருந்து.

கலா போட்ட சத்தத்துக்கு லயமே கூடிருச்சு. "அம்மா! மெத்தைக்குள்ள போன் அடிக்குதும்மா!"

கை எட்டுன மட்டும் போனை எடுத்தேன். செல்வம். "மச்சான், குறடு எங்கயும் கெடைக்கல. அக்கா வர்றதுக்குள்ள என்ன செய்யறது?"

"அக்கா வந்துட்டாடா," அப்படின்னேன்.

அப்புறம் ரொம்ப மெதுவா ஒரு குரல்.

"ஏங்க?"

"ம்."

"உள்ள என்ன செய்யறீங்க?"

"மூலையை இழுத்துப் புடிச்சிருக்கேன்," அப்படின்னேன். உண்மைதானே!

செல்வம் ஓடி வந்தப்ப கையில கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டுறது. அதைப் பாத்ததும் வாசல்ல நின்ன சனம் எல்லாம் ரெண்டடி பின்னால போச்சு. கலா அவன் கையில இருந்து அதைப் புடுங்கிக்கிட்டா.

"நீ செஞ்சதெல்லாம் போதும். தள்ளு."

ஓரமா வச்சு ஒரே இழுப்பு. கவர் தலைல இருந்து கால் வரைக்கும் சுத்தமா திறந்துச்சு. நான் எந்திரிச்சு உக்காந்தேன். தலைமுடி பூரா தேத்தூள். அங்க நின்ன அத்தனை பேரையும் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சேன். வேற என்ன செய்ய?

கலா முதல்ல முறைச்சா. அப்புறம் உதடு துடிச்சுச்சு. அப்புறம் இடுப்பைப் புடிச்சுக்கிட்டே சிரிச்சா. "ஐயோ, சிரிச்சா வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க," அப்படின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து மாசக்கணக்காச்சு.

சனம் கலைஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அந்தக் கடைல கவரோட ரெடியா மெத்தை இல்லையா?"

"இருந்துச்சு."

"கொண்டு வந்து தருவாங்களா?"

"வீட்டுல போட்டுட்டுப் போவாங்களாம்."

அவ கத்தியைச் செல்வம் கையில திருப்பிக் குடுத்தா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நானும் செல்வமும் மூணு அடுக்கையும் கட்டில் மேல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனோம். கெட்டி, நடுத்தரம், மெது. மட்டக்கம்பு அளவு, கச்சிதமா உக்காந்துச்சு. கலா மேல ஒரு படுக்கை விரிப்பைப் போட்டா. கம்பை எடுத்துக் குறுக்க வச்சா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவுல. தலையை ஆட்டுனா.

"மட்டமாத்தான் இருக்கு. சும்மா படுத்துப் பாக்குறேன், அஞ்சு நிமிஷம்."

மணி நாலு. நாங்க ரெண்டு பேரும் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம். மல்லாந்து படுத்தா. காலை நீட்டுனா. "ஆங்," அப்படின்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். தூங்கிட்டா! பஸ்ல அந்தப் பெரியவர் தூங்குன மாதிரியே!

"மச்சான், ஜெயிச்சிட்டோம்," அப்படின்னான் செல்வம்.

"மெதுவாப் பேசுடா."

மூணு மாசமா அவ மூஞ்சில இருந்த அந்த வலி அப்ப இல்ல. தேத்தூள் மெஷின், குறடு, கத்தி, பட்ட அடி எல்லாம் மறந்து போச்சு.

மறுநாள் காலைல அவ செவுத்தைப் புடிக்காம எந்திரிச்சா. நான் பாத்தேன். நான் கீழ படுத்திருந்தேன், அதனால நல்லாவே தெரிஞ்சுச்சு.

ஏன் கீழன்னு கேக்குறீங்களா? கலாவோட சட்டம். "ஆளு ரெண்டு ஏறுனாத்தான் நடுவுல பள்ளம் விழும். எனக்கு முதுகு சரியாகுற வரைக்கும் நீங்க தரைல." பீட்டர் அண்ணன் புதுக் கவர் தைக்க அடுத்த மாசம் வரச்சொல்லியிருக்காரு. இந்தத் தடவை துணியை ஊறப்போட்டுத்தான் தைப்பாராம். காயுறதுக்குத்தான் ஒரு மாசம்.

அதுவரைக்கும் நான் தரைல, கலா வெட்டுன அந்தக் கவருக்குள்ளதான் தூங்குறேன். அளவு சரியா இருக்கு, ஏற்கனவே போட்டுப் பாத்ததுதானே.